நர்சுகளிடையே சான்றறிவு பரவும் வழி

நோயாளியைப் பேணுவதில் எம்முறை நன்று என்பதை ஆராய்ச்சி வாயிலாக நிலைநாட்டுவது ஒரு வேலை. அங்ஙனம் நிலைநாட்டப்பட்டதை ஒரு மருத்துவமனையின் எல்லா வார்டுகளிலும், பகல் இரவு என்ற வேறுபாடின்றி, நடைமுறைக்குக் கொணர்வது வேறொரு வேலை. முன்னது முடிந்தால் பின்னது தானே நடந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாக்டர் இக்னாஸ் ஸெம்மெல்வைஸ், பிரசவம் பார்ப்போர் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவவேண்டும் என விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அப்பிரிவில் பிரசவித்த தாய்மாருள் 100-க்குச் சுமார் 18 பேர் மாண்டிருந்தனர். ஜூனில் சுமார் 2 பேரே மாண்டனர். எனினும், அவர் தம் நூலை வெளியிட்டது 1861-இல்தான். அதன் பின்னரும் அம்முறையை ஏற்க மறுத்த மருத்துவர் பலர்.

'சான்று' என்றதும் நம் அலுவலகங்களில் முத்திரையிட்ட தாள் ஒன்றே நினைவுக்கு வரும். இங்கு அப்பொருள் கொள்ளலாகாது. முறையான ஆராய்ச்சியின் முடிவு, நர்சின் கைப்பழக்கத்தால் வந்த தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிச் செய்யும் பணியே சான்று வழிப்பட்ட பணி எனப்படும்.

இதற்கு நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கழுத்து, மார்பு அல்லது தொடை வழியே இதயத்தை அடுத்த பெருஞ்சிரைக்குள் மெல்லிய குழாய் செலுத்துவதுண்டு. அக்குழாய் வழியாகக் கிருமி புகுந்தால் இரத்தம் முழுதும் நஞ்சாகி உயிருக்கே ஆபத்து விளையும். இதைத் தடுக்கச் செய்யவேண்டுவன ஐந்தே: கை கழுவுதல்; குழாய் செலுத்தும்போது தொப்பி, முகமூடி, மேலங்கி, கையுறை அணிந்து நோயாளியையும் தூய துணியால் முழுமையாகப் போர்த்தல்; தோலைக் குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைத்தல்; இயன்றவரை தொடையைத் தவிர்த்தல்; தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்துவிடுதல். இவற்றுள் புதுமை ஒன்றுமில்லை. எல்லாரும் அறிந்தவையே, ஆனால் எல்லாரும் எப்போதும் செய்தவையல்ல.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர், அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையே பிளவு ஏன் என்று ஆராய்ந்தனர். வேண்டிய பொருள்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவசரத்தில் ஏதேனும் ஒன்று விடுபட்டது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினர். ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதி நர்சின் கையில் கொடுத்தனர். ஒரு படி தவறினால், அவசர நிலை அல்லாதபோது, மருத்துவரை நிறுத்தும் அதிகாரத்தையும் நர்சுக்கு அளித்தனர். என் கருத்தில் இவை யாவற்றினும் கடினமானது இக்கடைசி ஏற்பாடே. தாளை அச்சிடுவது எளிது. மூத்த மருத்துவரைப் பார்த்து, 'ஐயா, சற்று நில்லுங்கள்' என்று இளம் நர்சு சொல்வது எளிதன்று. மேலிடம் தன் பக்கம் நிற்கும் என்ற உறுதி இருந்தாலன்றி அவள் வாய் திறவாள்.

2004-இல் மிஷிகன் மாநிலம் முழுதும் இம்முறை தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது ஒரு மருத்துவரும் ஒரு நர்சும் தலைமை ஏற்றனர். தொற்றுக் கணக்கு அந்தந்தப் பிரிவினருக்கே தவறாமல் திருப்பி அறிவிக்கப்பட்டது. 103 பிரிவுகளின் முடிவு 2006-இல் வெளியாயிற்று: 1,000 குழாய்-நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது. (பத்து நோயாளிகளுக்குப் பத்து நாள் குழாய் இருந்தால் 100 குழாய்-நாட்கள்.)

ஆயின் இங்கிலாந்தில் 2009 முதல் 2011 வரை இதையொத்த திட்டம் நடந்தபோது, தொற்று குறைந்ததாயினும், திட்டத்தில் அப்போது சேராத பிரிவுகளிலும் அவ்வாறே குறைந்தது. ஆகவே பெருமையைத் திட்டத்துக்கே அளிக்க இயலவில்லை. ஓரிடத்து வெற்றியைத் தாளோடு எடுத்து மற்றோரிடத்தில் வைத்துவிட முடியாதென்பது இதனால் புலனாகிறது.

நம் வார்டுகளில் இதற்கெனத் தனிக் கூட்டம் கூட்ட நேரம் வாய்ப்பது அரிது. எனினும் பணிமாற்ற வேளை நாள்தோறும் உண்டு. வாரம் ஒருமுறை அவ்வேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வது கைகூடும். இரவுப் பணியினர் விடுபடாதபடி, பேசியதைப் பணிமாற்றக் குறிப்பேட்டில் இரண்டு வரியாக எழுதி வைத்தல் வேண்டும்.

பயிற்சிப் பள்ளி ஆசிரியர்கள் மாணவியரிடம் இத்தகைய கேள்வி ஒன்றைக் கொடுக்கலாம்: கையில் ஏற்றிய குளூக்கோஸ் ஊசிக்குழாயை மூன்று நாளுக்கொருமுறை மாற்றும் வழக்கம் எதன்மேல் நிற்கிறது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் மாற்றியவர்களுக்கும், தேவை கண்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும், சிரை அழற்சி 100-க்கு 7 என ஒரே அளவாகவே இருந்தது. இதைப் படித்தவுடன் வழக்கத்தைக் கைவிடலாமா என்று ஆசிரியர் அடுத்துக் கேட்கவேண்டும். தேவை கண்டு மாற்றுவதாயின், ஒவ்வொரு பணிநேரத்திலும் ஒருவர் அவ்விடத்தைக் கண்ணால் பார்த்து, சிவப்பு, வீக்கம், வலி உண்டா எனக் குறித்தாகவேண்டும். அவ்வாறு பார்ப்பவர் யார் என்று பெயர் சொல்ல முடியாத வார்டில் பழைய நாள் கணக்கே பாதுகாப்பானது.