பெயர் ஒன்று, எண் வேறு – லினக்ஸில் ஒரு பாடம்



சென்ற மாதம் நம் சங்க நூலகத்தின் பழைய கம்ப்யூட்டரிலிருந்த வட்டைப் புதிய கம்ப்யூட்டரில் இணைத்தேன். இரண்டிலும் லினக்ஸ்தான். மறுநாள் நூலகக் கணக்கில் அமர்ந்து தட்டச்சுப் பழகிய சிறுவன் ஒருவன், "அங்கிள், இது என்ன லிஸ்ட்?" என்று கேட்டான். திரையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். சங்கத்திடம் மருத்துவ உதவி பெற்ற குடும்பங்களின் பட்டியல் அது! பொருளாளர் மட்டுமே திறக்குமாறு பூட்டி வைத்த கோப்பு.

பூட்டு உடையவில்லை, சாவிதான் மாறியிருந்தது. லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் குறித்து வைப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. அதற்கு யூ.ஐ.டி. என்று பெயர், குழுவின் எண் ஜி.ஐ.டி. எந்த எண் யாருக்கு என்பதை அந்தந்தக் கம்ப்யூட்டரிலுள்ள பதிவேடுதான் சொல்கிறது. இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றில் சாதாரணப் பயனர் எண் 1000-இல் தொடங்குகிறது. 0 என்பது தலைமைப் பயனரான ரூட்டுக்கு உரியது.

பழைய கம்ப்யூட்டரில் பொருளாளர் 1000, நூலகம் 1001. புதியதில் நான் நூலகக் கணக்கை முதலில் திறந்ததால் அது 1000, பொருளாளர் 1001. ஊர் மாற்றிச் செல்லும்போது பெட்டிமேல் பெயர் எழுதாமல் வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? புது ஊரில் அந்த எண்ணில் இருப்பவர் வீட்டில்தானே பெட்டி இறங்கும்!

நான் சரிசெய்த முறை இது:

1. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தேன். பழைய வட்டைக் கழற்றினேன். இரு கணக்குகளையும் மூடிவிட்டு ரூட்டாக நுழைந்தேன்.

2. யூசர்மாட் கட்டளையால் பொருளாளருக்கு 2001, நூலகத்துக்கு 2002 என எவருக்கும் இல்லாத எண்களைக் கொடுத்தேன். குரூப்மாட் கட்டளையால் குழு எண்களையும் அவ்வாறே மாற்றினேன்.

3. யூசர்மாட், பயனரின் சொந்த அடைவிலுள்ள கோப்புகளின் உரிமையைத் தானே மாற்றிவிடும். வெளியே உள்ளவற்றை ஃபைண்ட் கட்டளையால் எண்ணைக் கொண்டு தேடி, சோன் கட்டளையால் நாம்தான் மாற்ற வேண்டும். கோப்புகளின் குழு எண்ணுக்கும் இதே வேலை உண்டு.

4. பிறகு பழைய வட்டை மீண்டும் இணைத்து, அதில் மட்டும் 1000-ஐப் பொருளாளருக்கும் 1001-ஐ நூலகத்துக்கும் மாற்றினேன். குழுக்களுக்கும் அப்படியே.

5. எல்.எஸ். கட்டளையை எண் காட்டும்படி இயக்கிச் சரிபார்த்தேன். உரிமையாளர் இல்லாத கோப்புகளையும் ஃபைண்ட் காட்டித் தரும்.

1000, 1001 இரண்டையும் நேரடியாக இடம் மாற்றினால் என்ன என்று கேட்கலாம். முதலில் 1000-ஐ 1001 ஆக்கிய கணமே இருவர் கோப்புகளும் ஒன்றாய்க் கலந்துவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. அதனால்தான் புது எண்கள்.

பட்டியலில் இருந்தவர்களின் பெயர் அந்தச் சிறுவனுக்கு நினைவில்லை. நல்ல வேளை! உதவி கேட்டு வந்தவர்களின் மானம் ஒரு நான்கிலக்க எண்ணில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் வட்டு மாற்றும் முன் இரு கம்ப்யூட்டரிலும் 'ஐடி' என்ற கட்டளையைப் பயனர் பெயருடன் தட்டி எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.