கீரைப் பாத்தியில் ஆங்கிலப் பாடம்

வங்கியில் 34 வருஷம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினவன் நான். ஆனா மேலதிகாரி போனில் ஆங்கிலம் பேசினா நாக்கு ஒட்டிக்கும். கண்ணால் படிச்சேனே தவிர, காதால் கேட்டுப் பழகலை.

அந்தப் பயம் அடுத்த தலைமுறைக்கு வேண்டாம்னு, ஒட்டன்சத்திரம் பக்கம் உள்ள எங்க தோட்டத்தில் ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு பாத்தி ஒதுக்கினேன்.

அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஒரு முறையை வகுத்தார். குழந்தை முதலில் கேட்கும், சொன்னதைச் செய்யும், அப்புறம்தான் பேசும். வேற்றுமொழியையும் அப்படியே கற்கலாம் என்றார். செய்து கற்பது நமக்கும் புதுசில்லை. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாக, தாய்மொழியில் கற்பதுதான். அதனால் விளக்கம் தமிழில். கட்டளை மட்டும் ஆங்கிலத்தில்.

செய்முறை இதுதான்:

1. வாரம் ஐந்து சொல் போதும். 'டிக்' என்று சொல்லிக்கொண்டே நாம் கொத்தணும். 'வாட்டர்' என்றால் பூவாளியைத் தூக்கணும்.

2. திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க. செய்தாலே புரிந்ததாக அர்த்தம். பேச்சு தானா வரும்.

3. தப்பாகச் சொன்னால் திருத்தாதீங்க. சரியானதை நாம் ஒருமுறை சொன்னால் போதும்.

4. சிறுகீரை மாதிரி சீக்கிரம் வருவதைப் போடுங்க. விதைப்போம், விதைக்கிறோம், விதைத்தோம் என்ற மூன்று காலமும் ஒரே மாதத்தில் கண்முன் வந்துவிடும்.

5. அறுத்த கட்டுகளை ஆங்கிலத்தில் எண்ணி, நோட்டில் வரவு வைக்கட்டும்.

இரண்டு மாதம் வாயே திறக்காத ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள், வேலியோரம் கிடந்த பழைய டப்பாவை எடுத்து ஒரு பையன் தண்ணீர் மொள்ளப் போனான். அவள் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். "தாத்தா, இதுல டேஞ்சர்னு போட்டிருக்கு!" சீமைக்கருவேல முள்ளைக் காட்டி நான் சொல்லிக்கொடுத்த சொல் அது. டப்பாவில் நீல முக்கோணம். யாரோ வீசிய பூச்சிமருந்து டப்பா.

அன்றைக்கே நிறங்களைப் பாடமாக்கினேன். சிவப்பும் மஞ்சளும் 'பாய்சன்', நீலம் 'டேஞ்சர்', பச்சை 'காஷன்'. பச்சை முக்கோணம் என்றால் பாதுகாப்பு இல்லீங்க. விஷம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

நாம் மருந்தடிக்காமல் இருந்தாலும், டப்பாக்கள் வேலி தாண்டி வரத்தான் செய்யும். படிக்கத் தெரிந்த பிள்ளை தொடாது. வர்ற ஆடிப்பட்டத்தில் நீங்களும் ஒரு பாத்தி ஒதுக்குங்க.