சோர்ந்துபோகாமல் ஜெபிக்கக் கற்றல்

வேதபகுதி: லூக்கா 18:1–8

சிறுநீரகச் செயலிழப்புக்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறார்கள். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி போன்ற ஊர்களிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கோவைக்கு வருபவர்களும் அவர்களுள் உண்டு. நோய் தொடங்கிய நாட்களில் சபையார் வீடு தேடி வந்து ஜெபிக்கிறார்கள். உறவினர் நாள்தோறும் விசாரிக்கிறார்கள். ஆறாம் மாதத்தில் வராந்தா இருக்கையில் மனைவியோ மகனோ தனியே அமர்ந்திருக்கிறார். “கேட்டதையே இன்னும் எத்தனை நாள் கேட்பது?” என்ற கேள்வி அப்போது எழுகிறது. மனிதர் ஜெபத்தில் சோர்ந்துபோவார்கள் என்பதை இயேசு அறிந்திருந்தார். அவர்களுக்காகவே இந்த உவமையைச் சொன்னார் என்று லூக்கா முதல் வசனத்திலேயே தெரிவிக்கிறார்.

விதவையும் நியாயாதிபதியும்

ஒரு பட்டணத்தில் கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத நியாயாதிபதி ஒருவன் இருந்தான். நியாயம் கேட்டு ஒரு விதவை அவனிடம் ஓயாமல் வந்தாள். அவளுக்காகப் பரிந்து பேச ஒருவரும் வந்ததாக உவமையில் இல்லை. மீண்டும் மீண்டும் வருவது ஒன்றே அவளால் இயன்றது. இறுதியில் அவளுடைய தொல்லை தாளாமல் அவன் இணங்கினான். அவன் பேச்சில் வரும் ஒரு கிரேக்கச் சொல், குத்துச்சண்டையில் கண்ணுக்குக் கீழே விழும் அடியைக் குறிப்பது. அதிகாரம் மிக்க ஒருவன், ஆதரவற்ற ஒரு பெண்ணிடம் அடிபடுவதாக அஞ்சினான்!

கடவுளும் அந்த நியாயாதிபதியைப் போன்றவர், விடாமல் நச்சரித்தால்தான் மனமிரங்குவார் என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். இயேசு இருவரையும் ஒப்பிடவில்லை, வேறுபடுத்துகிறார். அநீதியுள்ளவனே செவிகொடுத்தான் என்றால், தம் பிள்ளைகளை நேசிக்கும் தகப்பன் செவிகொடாமல் இருப்பாரோ என்பதே அவருடைய வாதம். ஆகவே, நாம் விடாமல் ஜெபிப்பது அவருடைய மனத்தைக் கரைப்பதற்காக அன்று. அவர் கேட்கிறார் என்ற நம்பிக்கையில் நிலைத்திருப்பதற்காகவே ஜெபிக்கிறோம். பூமியில் விசுவாசம் காணப்படுமோ என்ற கேள்வியுடன் உவமை முடிவதும் இதனாலேயே.

அதே சொற்களைத் திரும்பச் சொல்லலாமா?

வீண் வார்த்தைகளை அடுக்கவேண்டாம் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு எச்சரிக்கிறார். அவரே கெத்செமனே தோட்டத்தில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று 26-ஆம் அதிகாரம் கூறுகிறது. சொற்களின் எண்ணிக்கையால் பலன் பெறலாம் என்று கணக்கிடுவதையே அவர் விலக்கினார். வேதனையில் வேறு சொல் அகப்படாமல் ஒரே சொல்லைப் பற்றிக்கொள்வதை அவர் விலக்கவில்லை. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில் மணிகளை உருட்டி ஜெபிக்கும் தாயும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் “இரங்கும், ஆண்டவரே” என்று மட்டும் முணுமுணுக்கும் மகனும் செய்வது இதுவே.

கேட்டது கிடைக்காதபோது

தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபை போதும் என்ற பதிலே கிடைத்தது (2 கொரிந்தியர் 12). அவருடைய விசுவாசம் குறைவுபட்டது என்று வேதம் எங்கும் கூறவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய வாழ்வு ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இரு கால்களும் செயலிழந்தார். அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் டாக்டர் பால் பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது அவர் உழைப்பாலேயே. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். டொரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றின் தலைப்புக்கு “என் கைகளை ஏற்றுக்கொள்ளும்” என்று பொருள். கால்கள் திரும்பாத ஒருவரின் ஜெபமாகவே அத்தலைப்பு ஒலிக்கிறது.

ஆகவே, அன்புக்குரியவர் குணமடையாதபோது, “நாங்கள் போதிய அளவு ஜெபிக்கவில்லை” என்று குடும்பத்தார் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்படிச் சொல்லி அவர்களைக் குற்றப்படுத்த வேறு எவருக்கும் உரிமையில்லை.

பழகும் வழி

1. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் தொடங்கிய முதல் பத்து நிமிடங்கள் போதும். உடனிருப்போர் காலைத் தேநீருக்கு முன் ஒரு சிறு பொழுதை ஒதுக்கலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

2. தெளிவாகக் கேளுங்கள். “இன்றைய சிகிச்சையில் இரத்த அழுத்தம் இறங்காதிருக்கட்டும்” என்பதும் முழுமையான ஜெபமே.

3. புலம்பலையும் மறைக்காதீர்கள். 13-ஆம் சங்கீதம் “எவ்வளவு காலம்?” என்ற கேள்வியை நான்கு முறை எழுப்புகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அவையும் வேதத்தில் இடம்பெற்ற ஜெபங்களே.

4. இயலாத நாளில் பிறரை நாடுங்கள். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தனர். அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் (மாற்கு 2).

5. சிறு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது, மாறியது எது, மாறாதது எது என்பது தெரியும்.

ஜெபமும் மருந்தும்

லூக்கா நற்செய்தியில் மட்டுமே காணப்படும் உவமை இது. அந்த லூக்காவைப் பவுல் ஒரு மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார் (கொலோசெயர் 4:14). விசுவாசத்தின் அடையாளம் என்று எண்ணி டயாலிசிஸையோ இன்சுலினையோ நிறுத்துவது பேராபத்து. டயாலிசிஸ் தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறலாம். இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பே நின்றுவிடலாம். உபவாசம் இருக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள் முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். உணவுக்குப் பதிலாகத் தொலைக்காட்சியையோ கைபேசியையோ விலக்கி வைப்பதும் உபவாசமே. முழு இரவு ஜெபத்தில் உடனிருப்போர் முறை வைத்துக்கொண்டு உறங்குங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி ஜெபிக்கவும் இயலாமல் போனால், அதை விசுவாசக் குறைவு என்று முடிவு செய்யாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு. எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சிந்திக்க

• கடவுளை நான் தகப்பனாக எண்ணிக் கேட்கிறேனா, அந்த நியாயாதிபதியாக எண்ணிக் கேட்கிறேனா?
• இந்த வாரம் எனக்காகவும் என்னுடனும் ஜெபிக்க நான் யாரை அழைக்கலாம்?

ஜெபம்

ஆண்டவரே, நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்கிறோம். எங்கள் நோயாளிக்குச் சுகம் தாரும். அது தாமதித்தால், இன்றைய நாளுக்குரிய பெலனைத் தாரும். உம்மிடம் நாளையும் வர எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.