குர்லா பத்மினியா, மாருதி 800ஆ, நானோவா?

பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கார் கிளப்போடு ஊர் சுற்ற ஆசைப்படும் மாட்டுங்கா, செம்பூர்க்காரர்கள் முதலில் பார்ப்பது வண்டியின் பெயின்ட்டை. பார்க்க வேண்டியது மெக்கானிக்கை. அந்த வண்டியைக் கழற்றி மாட்டிப் பழகிய ஆள், போன் போட்டால் ஆட்டோ பிடித்து வந்து சேரும் தூரத்தில் இருக்கிறாரா? அதை விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

பிரீமியர் பத்மினி நம் பேட்டைப் பிள்ளை. குர்லா ஆலையில் பிறந்தது. 1089 சிசி எஞ்சின், பின்சக்கர இழுவை. பெரும்பாலான வண்டிகளில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். உற்பத்தி நின்ற பிறகும் அதை வாழவைத்தவை கறுப்பு மஞ்சள் டாக்சிகள்தான். ஆயிரக்கணக்கில் அவை ஓடியவரை நாக்காவுக்கு நாக்கா மெக்கானிக் இருந்தார். 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்தது. இனி குர்லா சி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளில் கைக்குச் சிக்கும் பாகங்களை முன்கூட்டியே வாங்கி வைப்பதே நல்லது.

இதன் முக்கியமான தொல்லை கண்டாலா ஏற்றத்தில் தெரியும். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், டிராஃபிக்கில் ஊர்ந்து ஏறும்போது பெட்ரோல் ஆவியாகிக் கார்புரேட்டருக்குப் போய்ச் சேராது; இதுதான் ஆவியடைப்பு. ஓரமாக நிறுத்தி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃபிரத்தையும் அது அரிக்கும். வாங்கிய வாரமே எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். மும்பைக் கடற்காற்றில் துருவும் சீக்கிரம் பிடிக்கும். மேட்டைத் தூக்கித் தரைத் தகட்டை அழுத்திப் பாருங்கள். சீட் கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், தாராவியில் தோல் தைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை.

பத்மினிக்கு அண்ணனான பழைய ஃபியட் 1100 கிடைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டியை 2021 விதிப்படி ‘விஏ’ எண்ணில் விண்டேஜாகப் பதியலாம். ஆனால் பதிந்தபின் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஆபீசுக்கு ஓட்ட முடியாது. மற்றப் பழைய கார்களுக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையும் பசுமை வரியும் உண்டு. ஆர்சி புத்தகத்தில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல்முறை வாங்குபவருக்கு என் சிபாரிசு மாருதி 800. 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை வந்த வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இதைத் தொடத் தெரியாத மெக்கானிக்கை நம் பக்கம் பார்ப்பது அரிது. கார்புரேட்டர் மாடலை விட்டு, பிற்கால எம்பிஎஃப்ஐ மாடலைத் தேடுங்கள். சோக்கை இழுக்கும் வேலையும் ஆவியடைப்பும் இல்லை. ஏற்றத்தில் ஏசியை அணைத்தால் போதும்.

நானோ நீளம் 3.1 மீட்டர்தான், பத்மினியோ ஏறக்குறைய 3.9 மீட்டர். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பார்க்கிங் இடத்தை அளந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். நானோவின் எஞ்சின் பின்னால்; பெட்ரோல் ஊற்ற முன் பானெட்டைத் திறக்க வேண்டும். முதல் மாடல்களில் டேங்க் 15 லிட்டர்தான், பின்கதவும் திறக்காது. இரண்டு பேர், இரண்டு பை என்றால் அருமையான வண்டி. குடும்பத்தோடு மலை ஏற வேண்டாம்.

காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் தேங்கும் நாளில் மூன்றையுமே வெளியே எடுக்காதீர்கள்.

கிளப்போடு போகையில் மிக மெதுவான வண்டியை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் அது நின்றது யாருக்கும் தெரியாது. புதிதாக வாங்கிய வண்டிக்கு முதல் பயணம் அலிபாக்: செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே பிடித்து பாவுச்சா தக்கா, அங்கே ரோரோ கப்பலில் காரை ஏற்றினால் மாண்ட்வா. வழியில் மலை ஏற்றமே கிடையாது. சூடு ஏறாமல், எண்ணெய் ஒழுகாமல் திரும்பி வந்தால் அடுத்தது கசாரா ஏறி இகத்புரி. கண்டாலா அதற்கப்புறம்.