கையெழுத்துப் போடும் கை

ஆவடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதை உன் அம்மாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். பிளஸ் டூ இன்னும் முடியவில்லை, கடற்படை வாசலைக்கூட மிதிக்கவில்லை, அதற்குள் “அங்கே பிரமோஷன் பரீட்சைக்கு என்ன புக் வாங்கணும் மாமா?” என்று கேள்வி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவடிப் பிள்ளை அப்படித்தான் கேட்கும். நம் ஊரில் வேலை என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் கைடு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1965-ல் முதல் விஜயந்தா டாங்கி எச்விஎஃப் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் இங்கே ராணுவம் என்றால் டாங்கிதான். ஆனால் அரக்கோணம் லோக்கலில் ஏறி உட்கார்ந்தால் பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று போய் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அங்கே இருக்கிறது ஐஎன்எஸ் ராஜாளி. கடலே கண்ணில் படாத ஊரில் கடற்படையின் விமானத் தளம்! நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுபாதை. உச்சிப்புளியில் இருப்பது ஐஎன்எஸ் பருந்து. கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். அதில் இரண்டு பெயர் நமக்கு அகராதி பார்க்காமலே புரிகிறது.

ராஜாளியில் டியூ-142 என்ற ரஷ்ய விமானம் இருந்தது. ஒவ்வொரு இன்ஜினிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர், அப்படி நாலு இன்ஜின். 1988-ல் கோவாவுக்கு வந்து, 1992-ல் அரக்கோணத்துக்கு மாறி, 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றது. 29 வருடம், ஒரு விபத்துகூட இல்லை. ஓட்டியவர்களைப் பாராட்டி நிறைய எழுதினார்கள், எழுதட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது கிளம்புமுன் யாரோ ஒருவர் ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்து, கீழே இறங்கிப் பதிவேட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஒரு டியூ-142 அருங்காட்சியகமாக நிற்கிறது. போனால் காக்பிட்டில் செல்ஃபி எடுப்பதோடு நிற்காதே. சக்கரக் குழிக்குள் தலையை விட்டுப் பார். விமானம் பராமரிக்கும் எங்களுக்கு ஆபீஸ் அதுதான்.

உன் கேள்விக்குப் பதில் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் பரீட்சை எல்லாமே ஒரே விஷயத்துக்கு: எதற்கெல்லாம் நீ கையெழுத்துப் போடலாம் என்று தீர்மானிக்க. முதலில் ஒருவர் பக்கத்தில் நிற்க நீ போல்ட் முடுக்குவாய், அவர் கையெழுத்திடுவார். பிறகு உன் வேலைக்கு நீயே போடுவாய். அப்புறம் அடுத்தவர் வேலையைப் பார்த்துப் போடுவாய். விமானத்தின் கன்ட்ரோல் கம்பி ஒன்றைக் கழற்றி மாட்டினால் ஒருவர் பார்த்தால் போதாது. அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் தனியாக வந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும். தோள்பட்டையில் ஏறும் பட்டையைவிட இந்த அனுமதிதான் பெரிய பிரமோஷன் என்பது என் கட்சி.

ஒரு சம்பவம். எந்தத் தளம், எந்த வருடம் என்று கேட்காதே. மாலை டூல்களைப் பலகையில் மாட்டும்போது ஒரு சாக்கெட்டின் இடம் காலி. பலகையில் ஒவ்வொரு டூலுக்கும் அதன் நிழலுருவம் வரைந்திருக்கும், அதனால் காலி இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். விமானம் நின்றது, எல்லாரும் தேடினோம். இரவு ஒன்பதரைக்கு ஒரு பையன், புதிதாக வந்தவன், தன் ஓவரால் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்து நீட்டினான். அழுகிறான். எங்கள் சீஃப் திட்டவில்லை. “நீ சொல்லாம விட்டிருந்தா நாளைக்கு அது எங்கே உருண்டிருக்கும்?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பையன் எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண். நான் அதில் இரண்டு தடவை தோற்றவன். யாரை நம்பிக் கையெழுத்து ஒப்படைக்கலாம் என்று அன்று சீஃப் மனசுக்குள் போட்ட மதிப்பெண் வேறு. அதில் அவனும் தேறினான்.

சரி, பாதையைச் சொல்கிறேன். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். சேர்வதற்கான கம்ப்யூட்டர் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உள்ளே போனபின் மேனுவல் முழுக்க ஆங்கிலம், ஆகவே இப்போதே பழகு. பிறகு உடற்தகுதி, மருத்துவம். தேறினால் ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்கா என்ற பயிற்சித் தளம். அக்னிவீர் என்ற நாலு வருடச் சேர்க்கையின் முதல் அணி அங்கிருந்து 2023 மார்ச்சில் பயிற்சி முடித்தது. சுமார் 2,600 பேரில் 273 பெண்கள். விமானப் பிரிவு கிடைத்தால் கொச்சி. அங்கே கடற்படையின் வான்தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. உடல், இன்ஜின் ஒரு பக்கம். மின்சாரம், ரேடியோ ஒரு பக்கம். ஆயுதம் இன்னொரு பக்கம். அதை முடித்து ஸ்குவாட்ரனுக்கு வந்தால் அந்த வகை விமானத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். டியூ-142 கரைத்துக் குடித்தவர்கள் 2013-ல் அரக்கோணத்துக்கு பி-8ஐ விமானம் வந்தபோது மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அது போயிங் 737-ன் உடம்பு; ரஷ்ய மேனுவலை மூடிவைத்துவிட்டு அமெரிக்க மேனுவலைத் திறந்தார்கள்.

பிரமோஷனுக்கான எழுத்துத் தேர்வு நினைவாற்றலைக் கேட்கும். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்கும் போர்டு வேறு மாதிரி. “லாக் ஒயரை எந்தப் பக்கம் முறுக்குவாய்?” என்பார்கள். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை முடுக்கும் பக்கமே இழுக்க வேண்டும், அதுதான் பதில். கையால் நூறு தடவை கட்டியவள் யோசிக்காமல் சொல்வாள். கைடில் படித்தவள் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்வாள், போர்டுக்கு அது தெரிந்துவிடும்.

இனி யாரும் உனக்குச் சொல்லாத ஒன்று: தேறினால் மட்டும் உயர்வு கிடைக்காது, மேலே இடம் காலியாக வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் இதை ஒளிக்காமல் கணக்காகவே வைத்திருந்தார்கள். மார்ச், செப்டம்பர் என்று வருடம் இரண்டு தேர்வு நடத்திவந்தார்கள். தேறியும் இடமில்லாமல் நின்றவருக்கு அடுத்த முறைக்குச் சில புள்ளிகள் சேர்ந்தன. “பாஸ், ஆனால் உயர்வில்லை” என்பதற்கே அங்கே ஒரு பெயர் உண்டு. இங்கே அந்த நிலைக்குப் பெயர் பொறுமை.

ஆள் பற்றாக்குறை என்று பேசுகிறவர்கள் தலையை எண்ணுகிறார்கள். ஹேங்கரில் நாங்கள் எண்ணுவது கையெழுத்துகளை. நாற்பது பேர் நின்றாலும் இன்ஜின் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடத் தகுதியானவர் இருவர்தான், அதில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு என்றால் விமானம் நிற்கும். நல்ல கைக்காரர் சீஃபாக உயர்ந்தால் மேசைக்குப் போவார், ஹேங்கரில் ஒரு கையெழுத்து குறையும். இதனால்தான் அக்னிவீர் திட்டத்தின் நாலு வருடம் விமானப் பராமரிப்புக்குப் போதாது என்று நான் சொல்கிறேன். பயிற்சி போக, கை பழகும் நேரத்தில் காலம் முடிகிறது. நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான். உன் அம்மாவுக்கு இந்தக் கணக்கை மறைக்காதே.

அந்த மீதி 75 சதவீதத்தில் நீ வந்தாலும் வழி இருக்கிறது. சிவில் விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ கொடுக்கும் பராமரிப்பு லைசென்ஸ், இன்ஜின்–உடலுக்கு பி1, ஏவியானிக்ஸுக்கு பி2. பாடவாரியாகத் தேர்வு எழுத வேண்டும், அதோடு செய்த வேலைக்கான அனுபவ ஆதாரமும் கேட்பார்கள். ஆகவே முதல் நாளிலிருந்து என்ன வேலை, எந்த விமானம், யார் மேற்பார்வை என்று உன் பதிவுப் புத்தகத்தை நிரப்பி வை. பேனா பிடிக்கச் சோம்பல்பட்டு வெறுங்கையோடு வெளியே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புக் பற்றிக் கேட்டாய் அல்லவா? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் திருப்புவிசைப் பாடத்தைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு வா. என்னிடம் திருப்புவிசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது, வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டுவோம். வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்து வா. ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும் என்று நினைக்கிறேன். விண்ணப்பம் போடுமுன் அதைச் சரிசெய்ய வேண்டும், தாலுகா ஆபீஸ் வேலை, நாளாகும்.

உன் மாமா