முக்குளிப்போர் காதைக் காத்தல்

சுங்கை பினாங் பக்கம் வாழ்வோர் பலர் கொடிமலை இரயிலில் சென்றிருப்பர். மலையிலிருந்து இறங்குங்கால் காது அடைத்துக்கொள்கிறது. எச்சிலை விழுங்கியதும் திறந்துகொள்கிறது. இதற்குக் காரணம் யாது?

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிறைந்த நடுச்செவி உள்ளது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு சிறு குழாய் செல்கிறது. நாம் விழுங்கும்போது அக்குழாய் திறந்து, உள்ளும் புறமும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துகிறது.

நீரில் அழுத்தம் மிக விரைவாகக் கூடும். மலையில் ஏறக்குறைய 700 மீட்டர் இறங்கினால் கூடும் அழுத்தம், நீரில் ஒரு மீட்டர் ஆழத்திற்குள்ளேயே கூடிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் இரு மடங்காகும். அதைச் சமப்படுத்தாவிடில் செவிப்பறை உள்நோக்கி வளைந்து வலிக்கும். இறுதியில் கிழியவும் கூடும். அப்போது குளிர்ந்த நீர் உட்புகுந்து தலைசுற்றும். மேல் எது, கீழ் எது என்பதும் தெரியாது. சபா மாநிலத்துக் கடலில் முக்குளிக்கும் பஜாவ் மக்களுள் இளமையில் செவிப்பறை கிழிந்து, முதுமையில் செவித்திறன் குன்றியோர் பலர்.

ஆகவே முக்குளிக்கப் பழகும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வலி தோன்றுமுன்னரே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதுக. இறங்குந்தோறும் அடிக்கடி இவ்வாறு செய்க.

2. காது திறக்கவில்லையெனில் வன்மையாக ஊதற்க, உடனே மேலேறுக. அழுத்தம் மிகுந்தபின் குழாய் இறுகிவிடும்.

3. சளி பிடித்திருக்கும்போது முக்குளித்தல் ஆகாது.

4. காதில் குருதியோ கேளாமையோ தோன்றினால் மருத்துவரை நாடுக.

5. துணையின்றி ஒருபோதும் முக்குளிக்கலாகாது.

வலியைத் தாங்குவது வீரமன்று. வலி காது விடுக்கும் எச்சரிக்கையாகும்.