வஸிய்யத்தும் மஹரும்: ஓக்லஹோமா தரும் படிப்பினை

 

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2010 நவம்பரில் ஒரு சட்டத்திருத்தம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. மாநில நீதிமன்றங்கள் சர்வதேசச் சட்டத்தையோ ஷரீஅத்தையோ கருத்தில் கொள்ளக் கூடாது என்பதே அது. சுமார் 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

அங்குள்ள ஒரு முஸ்லிம் வழக்குத் தொடுத்தார். அவருடைய கவலை மிக எளிமையானது: "என் வஸிய்யத் ஷரீஅத்தின்படி எழுதப்பட்டுள்ளது. நான் மரணித்த பின் நீதிமன்றம் அதைப் படிக்கவே மறுத்தால் என்ன செய்வது?"

நீதிமன்றம் அந்த மாதமே இடைக்காலத் தடை விதித்தது. 2012 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த மாநில நீதிமன்றம் ஷரீஅத்தைப் பின்பற்றித் தீர்ப்பளித்ததற்கு ஓர் உதாரணத்தைக்கூட அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. ஒரு மார்க்கத்தை மட்டும் பெயர் சொல்லி ஒதுக்குவது தகாது என்று 2013 ஆகஸ்டில் அந்தத் திருத்தம் நிரந்தரமாகத் தடுக்கப்பட்டது.

ஆனால் பிரச்சினை முடியவில்லை. 2012இல் கான்சாஸ் மாநிலம் ஷரீஅத் என்ற பெயரைச் சொல்லாமல், 'அந்நியச் சட்டம்' என்ற பொதுச் சொல்லைக் கொண்டு சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் இவ்வழியில் சென்றன.

இதில் நமக்கு மூன்று படிப்பினைகள் உண்டு.

முதலாவது, வஸிய்யத். எழுத வேண்டியதை எழுதாமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. "ஷரீஅத்தின்படி பிரியுங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் குறிப்பிட்டு, நீங்கள் வாழும் நாட்டின் சட்டப்படி சாட்சிகளுடன் எழுதுங்கள். செல்லத்தக்க உயில் இல்லையென்றால் சொத்தைப் பிரிப்பது அந்நாட்டின் வாரிசுச் சட்டம்தான்.

இரண்டாவது, மஹர். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது ஸூரா அல்மாயிதாவின் தொடக்கக் கட்டளை. 2002இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் ஒன்று, 10,000 டாலர் மஹரைச் சாதாரண ஒப்பந்தமாகக் கருதி, அதைக் கணவர் கொடுத்தாக வேண்டும் என்றது. தொகை தெளிவாக எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டிருந்ததால் மனைவியின் உரிமை காக்கப்பட்டது.

மூன்றாவது, நீதி. ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்று அதே அத்தியாயம் எச்சரிக்கிறது. பெரும்பான்மை வாக்குக்கு எதிராகச் சிறுபான்மையின் உரிமையைக் காத்த அந்த நீதிபதிகள் முஸ்லிம்கள் அல்லர். நாம் பெரும்பான்மையாக வாழும் ஊரில் பிறருடைய உரிமையை அப்படிக் காக்கிறோமா?

இந்த வாரமே உங்கள் வஸிய்யத்தை எழுத உட்காருங்கள். கடமைகளைத் தெளிவாக நிறைவேற்றும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.